தேய்க்கும் முன் படித்துவிடுங்கள்

வாசகர் கேள்வி பதில்: இந்த வாரம் பழைய கார்கள்

கேள்வி: செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, பிரிட்டிஷ் படை இங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு மோரிஸ் மைனர் 1000 வாங்கினார். "ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினேன்" என்பார், அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். கிளாசிக் திட்டத்தில் (பழைய வண்டிகளை வருஷத்தில் சில நாள் மட்டும் ஓட்ட விடும் திட்டம்) ஓடும் அந்த வண்டி இப்போது என் பெயரில் இருக்கிறது. முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க ஒர்க்‌ஷாப்பில் பேசியாகிவிட்டது. முந்தைய சொந்தக்காரர்களையும் கண்டுபிடிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
- வாசகர், ஈசூன்

பதில்: ஒர்க்‌ஷாப்காரரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தத் தேடலுக்கு வண்டியைப் பிரிப்பதுதான் பெரிய ஆபத்து. பெயிண்டைச் சுரண்டி, தரைவிரிப்பைக் கிழித்துப் போட்டு, கண்ணாடியில் இருக்கும் பழைய ஸ்டிக்கரைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டால், அப்புறம் எந்தக் காப்பகத்தாலும் அவற்றைத் திருப்பித் தர முடியாது.

முன்கண்ணாடியின் ஓரம், கதவின் உட்பக்கம், பானெட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணில் பட்டதை எல்லாம் படம் எடுங்கள். ஒர்க்‌ஷாப் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், முகவரி பாதி கிழிந்து போயிருந்தாலும் கடைசி எண் போதும். 'சிங்கப்பூர் 27' என்று இரண்டு இலக்கத்தோடு முடிந்தால் அது 1979க்கு முந்தைய முகவரி, 27 என்பது உங்கள் செம்பவாங், ஈசூன் வட்டாரமேதான். நான்கு இலக்கம் என்றால் 1979க்கும் 1995க்கும் நடுவில் ஒட்டியது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995 செப்டம்பரில்தான் வந்தது. பின்சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் விடாதீர்கள். ரசீது, சாவி, பஸ் டிக்கெட் எல்லாம் அந்த இடுக்கில்தான் போய் விழும்.

அடுத்தது பெயிண்ட். கதவை மூடினால் மறைந்துபோகிற ஓரமாகப் பார்த்து, ஒரு வெள்ளி நாணய அளவுக்கு மட்டும், 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். நடுவில் தகடு லேசாகத் தெரிகிற நேரம் நிறுத்திவிடுங்கள். சுற்றிலும் வளையம் வளையமாக ஒவ்வொரு பெயிண்டும் வந்து நிற்கும். தகட்டை ஒட்டி இருப்பது பிரைமர், அதற்கடுத்தது தொழிற்சாலையில் அடித்த நிறம், அங்கிருந்து வெளியே வர வர ஒவ்வொரு சொந்தக்காரரும் அடித்தது. அப்பா அடித்த நிறம் எது என்று உங்களுக்கே தெரியுமல்லவா? அதற்கு உள்ளே எத்தனை வளையம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அவர் கைக்கு வருவதற்கு முன்னால் வண்டி என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

பிறகு எண்கள். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் சேசிஸ் எண் தகடு இருக்கும். எஞ்சின் எண் 9 என்று தொடங்கினால் 948 சிசி, 10 என்று தொடங்கினால் 1098 சிசி. மோரிஸ் மைனருக்கு 1098 வந்தது 1962இல். அதற்கு முந்தைய வண்டியில் 10 என்ற எண் இருந்தால் நடுவில் யாரோ எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள்.

சேசிஸ் எண் கையில் இருந்தால் இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். மோரிஸ், ஆஸ்டின் போன்ற வண்டிகளின் தயாரிப்புப் பதிவேடுகள் அவர்களிடம் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் வண்டி எப்போது தயாரானது, முதல் நிறம் என்ன, எஞ்சின் எண் என்ன, எந்த ஊருக்கு அல்லது எந்த விற்பனையாளருக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். வாங்கியவர் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் 'எங்கே போனது' என்ற அந்த ஒரு வரி உங்களுக்கு ரொம்ப முக்கியம். சிங்கப்பூர் என்று இருந்தால் வண்டி இங்கேயே புதிதாக விற்கப்பட்டிருக்கலாம், அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் இங்கேயே இன்னொரு வீட்டில் இருந்திருக்கவும் கூடும். இங்கிலாந்து விற்பனையாளர் பெயர் இருந்தால் யாரோ அங்கிருந்து கப்பலில் கொண்டுவந்தது.

கடைசியாகக் காகிதங்கள். அப்பாவின் பழைய கோப்புகளில் வாகனப் பதிவாளர் அலுவலகத்துக் காலத்துப் பதிவுப் புத்தகமோ விற்பனை ரசீதோ இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த அலுவலகம் 1995இல் நிலப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது, அதற்கு முந்தைய தாள் எதுவாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள், இடைவெளி விட்டு ஒருமுறை, விடாமல் ஒருமுறை. பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும், எஸ் என்ற எழுத்தை 5 என்று எடுத்துக்கொள்ளும், அதனால் அப்படியும் போட்டுப் பாருங்கள். அப்பா வேலை பார்த்த செம்பவாங் கடற்படைத்தளத்துப் பட்டறை 1968இல் கைமாறியது, பிரிட்டிஷ் படை பெரும்பாலும் கிளம்பி முடித்தது 1971 அக்டோபரில். கிளம்பியவர்கள் வண்டியை விற்க விளம்பரம் கொடுத்திருக்கலாம், அந்த மூன்று வருஷத்துச் சிறு விளம்பரங்களைப் பொறுமையாகப் பார்ப்பது வீண் போகாது.

கேள்வி: முந்தைய சொந்தக்காரர் பெயரை நிலப் போக்குவரத்து ஆணையத்திடமே கேட்டு வாங்க முடியாதா?
- வாசகி, பிடோக்

பதில்: வெறும் ஆர்வத்துக்காகக் கேட்டால் கிடைக்காது. ஆனால் உங்கள் வண்டியின் லாக் கார்டில், அதாவது ஆணையத்தின் பதிவு விவரத் தாளில், முதல் பதிவுத் தேதியும் எத்தனை முறை பெயர் மாறியது என்ற எண்ணிக்கையும் இருக்கும். எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். யாரையாவது கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் பெயரையும் முகவரியையும் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். ஒரு கடிதம் எழுதி, வண்டியின் படத்தையும் வைத்து அனுப்புங்கள். பேச விருப்பம் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் மைனர்தான், தாத்தா காலத்து வண்டி. தொழிற்சாலை நிறம் ஸ்மோக் கிரே என்று தெரிந்துவிட்டது, அதைத்தான் அடிக்க வேண்டும் என்கிறார் அண்ணன். தாத்தா அடித்த கரும்பச்சைதான் எனக்கு வேண்டும். யார் சொல்வது சரி?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்காட்சியில் வைப்பதாக இருந்தால் தொழிற்சாலை நிறம்தான். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அந்த வண்டி பச்சையாகத்தான் இருந்திருக்கிறது, கல்யாணப் படங்களிலும் அது பச்சையாகத்தானே நிற்கும். என் ஓட்டு பச்சைக்கு. எந்த நிறம் அடித்தாலும் பின்பக்க டிக்கியின் உள்ளே ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவைக்கச் சொல்லி டிங்கரிங் செய்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், அந்த இடத்தில் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

கேள்வி: கையில் காசு குறைவு. மைனரில் எதை முதலில் செய்வது? இப்போதைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பளபளப்பு கடைசி. முதலில் பிரேக். கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும், மீதி நாளெல்லாம் வண்டி நிற்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சிலிண்டர்கள் உள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். பிரேக் டிரம்மைத் திறந்தால் பழைய தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மூச்சில் போனால் ஆபத்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது முன்சக்கரத்தின் ட்ரனியன். திருகுபோல் புரிகள் உள்ள அந்த மூட்டு கிரீஸ் இல்லாமல் தேய்ந்துபோனால், ஒரு நாள் கழன்று சக்கரம் உள்பக்கமாக மடிந்துவிடும். மைனரின் பேர்போன பலவீனம் இது. உடனே பார்த்துவிடுங்கள். அதன் பிறகு வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் சட்டங்களான சேசிஸ் கால்களில் துரு இருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் பிரச்சினை சமாளிக்கக்கூடியதுதான். இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் நின்றுபோனது. அந்த ஈயம்தான் பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்து வந்தது. என்றைக்காவது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் கடினமான இருக்கைகள் போடச் சொல்லுங்கள், அதுவரை பெட்ரோலில் கலக்கும் மாற்று மருந்தை ஊற்றி நிதானமாக ஓட்டுங்கள். இன்னொன்று, மைனரின் மின்சுற்றில், இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாக, பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை. இன்றைய கேமராவோ ரேடியோவோ மாட்டுவதற்கு முன் வயரிங்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.