முதலில் கூடிய பிளேட்லெட் இப்போது ஏன் குறைகிறது?

கேள்வி: நாங்கள் தலவாக்கலை பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. ஒப்பரேஷனுக்கு முன் பிளேட்லெட் 520,000 என்றும் அது அதிகம் என்றும் சொன்னார்கள். இப்போது கண்டியில் கீமோ ஏற்றுகிறோம், 85,000 ஆகிவிட்டது. டெங்குவுக்குக் கொடுப்பதுபோல் பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: சாறு வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த இரண்டு எண்களுக்கும் காரணம் வேறு வேறு.

இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்தான் பிளேட்லெட். அது பொதுவாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும். சில கட்டிகள் இன்டர்லியூக்கின்-6 என்ற பொருளைச் சுரக்கின்றன. அது ஈரலைத் தூண்ட, ஈரல் எலும்பு மச்சையிடம் இன்னும் பிளேட்லெட் கேட்கிறது. சூலகப் புற்றுநோயில் இந்த வழி தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. கூடிய பிளேட்லெட்டால் கட்டிக்கும் லாபம். கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலக்கும் செல்லைச் சுற்றி, மழைக்குக் கம்பளி போர்த்தியதுபோல் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்களுக்கு உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல் போகிறது. கட்டி வளர உதவும் பொருள்களையும் பிளேட்லெட்டுகளே வெளியிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு, பிளேட்லெட் கூடிய எல்லோரும் பயப்பட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைந்தாலும் அது கூடும். நம் தோட்டத்துப் பெண்களிடம் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். குடல் கட்டியில் இரத்தம் கசிந்து இரும்பு குறைவதும் உண்டு, அம்மாவுக்கு இரண்டுமே சேர்ந்திருக்கலாம்.

இப்போதைய 85,000 பெரும்பாலும் கீமோவின் வேலை. மருந்து மச்சையின் உற்பத்தியைக் குறைக்கிறது. பிளேட்லெட்டின் ஆயுளே 7 முதல் 10 நாள்தான் என்பதால் இரண்டாவது வாரத்தில் எண்ணிக்கை இறங்கி, அப்புறம் பெரும்பாலும் தானாக ஏறும். ஏறும்வரை அடுத்த கீமோவைத் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம். இரத்தக் கசிவு இல்லாதவர்களுக்குப் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பது வழக்கமாக 10,000க்குக் கீழே போகும்போதுதான்.

டெங்குவில் காய்ச்சலுக்குப் பின் வரும் ஆபத்தான கட்டமும் கடந்து நோய் தணியும்போது எண்ணிக்கை தானாகவே ஏறும், பேர் பப்பாசி இலைக்குப் போய்விடுகிறது. கீமோ எடுப்பவர்களுக்கு அதை நம்பிக் கொடுக்கும் அளவுக்குச் சான்று இல்லை. இரத்தம் கட்டாமல் இருக்கட்டும் என்று யாராவது அஸ்பிரின் கொடுக்கச் சொன்னாலும், கிளினிக் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கை குறைந்திருப்பதால் இரத்தம் உறையாது என்றும் நினைக்கக் கூடாது. புற்றுநோய்க்கும் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதற்கும் உள்ள தொடர்பை பாரிஸ் மருத்துவர் துரூசோ 1865இலேயே விளக்கினார். 1867இல் அவரே வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அதனால் கண்டிக்கு பஸ்ஸில் மணிக்கணக்கில் உட்கார்ந்து போகும்போது அம்மாவைப் பாதங்களை ஆட்டி அசைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அது அவசரம்.

கசிவையும் கவனியுங்கள்: தோலில் சிவப்புப் புள்ளிகள், நிற்காத மூக்கு இரத்தம், கறுத்த மலம். அம்மா வெற்றிலை போடுபவர் என்றால் முரசில் வரும் இரத்தம் அந்தச் சிவப்பில் தெரியாமல் போகும், இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், பெனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கீமோ நேரத்தில் வெள்ளை அணுக்களும் குறைந்திருக்கும். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், கீமோ ஏற்றிய திகதியை வாசலிலேயே சொல்லுங்கள்.