தலையாட்டினால் ஓமா, இல்லையா?

கேள்வி: அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சீசனுக்கு வேலை செய்கிறேன். காலையில் சேர்ஃபிங் போக ஓட்டோ வருமா என்று ஒரு ஜேர்மன்காரர் கேட்டார். தலையாட்டினேன். அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய் வேறு ஓட்டோ பிடித்துவிட்டார். நான் சொல்லிவைத்தது வந்து சும்மா நின்றது. இன்னொருவர், தான் குறை சொல்லும்போது நான் முகத்தைப் பார்க்கவில்லை, எதையோ மறைக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். இந்தப் பழக்கங்களை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: தம்பி, உங்கள் தலையில் பிழையில்லை. நாம் ‘ஓம்’ என்பதற்குத் தலையை இரு தோள் பக்கமும் மாறி மாறிச் சாய்ப்போம். ஜேர்மன்காரர் ஓம் என்றால் மேலும் கீழும் ஆட்டுவார், இல்லையென்றால் இடமும் வலமும் திருப்புவார். நம்முடைய சாய்ப்பு அவர் கண்ணுக்கு அந்த இரண்டாவது மாதிரித் தெரிந்திருக்கும். நாம் மட்டும்தான் இப்படி என்றில்லை. பல்கேரியாவில் தலையை மேலே வெட்டினால் இல்லை, பக்கவாட்டில் ஆட்டினால் ஓம். அங்கே போனால் அந்த ஜேர்மன்காரரே தடுமாறுவார்.

மாற்றச் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து ஆடுகிற தலை, முதலாளி சொன்னார் என்று நிற்காது. தலை ஆடட்டும், கூடவே வாயும் திறக்கட்டும்: ‘யெஸ், சிக்ஸ் ஓ குளொக்.’ நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் சந்தேகம் வராது. ‘ச்’ என்று நாக்கைத் தட்டி இல்லை என்போமே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அது சலிப்பாகத்தான் விழும்.

கண் விஷயம்தான் கஷ்டம். பெரியவர் ஏசும்போது நிலத்தைப் பார்ப்பது நமக்கு மரியாதை. நிமிர்ந்தால் ‘என்ன முறைக்கிறாய்’ என்று இன்னும் ரெண்டு விழும். ஐரோப்பியர் பலருக்கு நேர்மாறு: முகம் பார்க்காதவன் ஒன்றில் கேட்கவில்லை, அல்லது ஒளிக்கிறான். அதற்காக முறைத்துக்கொண்டே நிற்கவும் வேண்டாம். அவர் சொல்லத் தொடங்கும்போது முகத்தைப் பாருங்கள், கொப்பியை எடுத்து எழுதுங்கள், எழுதி முடித்து மறுபடி பாருங்கள். குனிவதற்கு ஒரு சாட்டு கிடைத்துவிடும். ஜப்பானியர் வந்தால் இவ்வளவு தேவையில்லை, நீளப் பார்ப்பது அவர்களுக்கும் கூச்சம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அறுகம்பேக்கு இஸ்ரேல்காரர் நிறைய வருகிறார்கள். விரல் நுனிகளை மேல்நோக்கிக் குவித்துக் காட்டினால், சாப்பாடு கேட்கிறார் என்று குசினிக்கு ஓடாதீர்கள். ‘கொஞ்சம் பொறு’ என்கிறார். அதே கையை இத்தாலிக்காரர் ஆட்டினால் ‘என்ன சொல்ல வருகிறாய்?’ அப்புறம், தூரத்தில் நிற்பவரை நாம் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, விரல்களை அசைத்துக் கூப்பிடுவோம். ஐரோப்பியர் பலருக்கு அது போ என்று விரட்டுவது மாதிரித் தெரியும். அவர்கள் ஒற்றை விரலை மடக்கிக் கூப்பிட்டால் நமக்குச் சுள்ளென்று ஏறும். அதை மனதில் எடுக்காமல் போய் என்ன வேணும் என்று கேளுங்கள். முதலாளி அப்படிக் கூப்பிட்டால் கதை வேறு. அவர் நம்மூர் ஆள், நீங்கள் கோபிப்பது நியாயம்.