அந்தப் பணிப்பெண் யார்?

கேள்வி: பழைய ஹாலிவுட் நட்சத்திரங்கள் வெளியே தெரியாமல் மறைத்த வாழ்க்கையில் உங்கள் மனதைப் பிசைந்தது எது?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: மெர்ல் ஓபரான் கதைதான். மற்றவர்கள் காதலை மறைத்தார்கள், இவர் அம்மாவை மறைத்தார்.

1939இல் வந்த 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் லாரன்ஸ் ஒலிவியருக்கு ஜோடி. கல்லூரி நாளில் பார்த்தபோது வெள்ளைக்காரப் பெண் என்றே நம்பினேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர் என்றுதான் அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அவர் பிறந்தது 1911இல், பம்பாயில். வளர்ந்தது கல்கத்தாவில். அம்மா சார்லட் இலங்கைக்காரர், கலப்பினத்தவர்.

லண்டனில் அலெக்சாண்டர் கோர்டா தன் படத்தில் வாய்ப்புக் கொடுத்ததும் மெர்ல் மளமளவென்று மேலே போனார். சார்லட்டும் கூடவே இருந்தார். ஆனால் விருந்தினர் வந்தால் அவர் அந்த வீட்டுப் பணிப்பெண்! வளர்த்த மகள் முன்னால் வேலைக்காரியாக நிற்பது எப்படி இருந்திருக்கும்? நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. 1937இல் சார்லட் இறந்தார். அப்புறம் 1949இல், பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அம்மாவை ஓவியமாக வரையச் சொன்னார் மெர்ல். நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொன்னார். அந்த ஓவியம் கடைசிவரை அவர் வீட்டுச் சுவரில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பிறப்புச் சான்றிதழின்படி மெர்லைப் பெற்றவர் சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். அக்கா என்று மெர்லிடம் சொல்லப்பட்டவர்தான் உண்மையில் அம்மா. சார்லட், பாட்டி.

கேள்வி: இறந்தவரின் ரகசியத்தைக் கிளறுவது முறையா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: யார் யாரோடு வாழ்ந்தார் என்பது அவரவர் பாடு, அதைக் கிளற எனக்கும் மனமில்லை. இது அப்படியில்லை. வெள்ளை நாயகனும் வேற்றினப் பெண்ணும் திரையில் காதலிப்பதைத் தணிக்கை விதி தடுத்த காலம் அது. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவே 1946 வரை வழியில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் பரிந்துரை மட்டுமல்ல, அந்த வேடமே கிடைத்திருக்காது. மெர்ல் மீது எனக்குக் கோபமில்லை, அவரைப் பொய் சொல்ல வைத்தவர்கள் மீதுதான்.

1978இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரம் அவரைத் தங்கள் ஊர்ப் பெண்ணாகவே வரவேற்றது. அப்போதும் அவரால் பம்பாய் என்று ஊரறியச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டே இறந்துபோனார்.