நனைந்த கிளாஸ் வூலை நாமே அகற்றலாமா?

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வெப்பத் தடுப்புக்காகப் போட்டிருந்த மஞ்சள் பஞ்சு, கூரை ஒழுகலில் நனைந்து தொங்குகிறது. தொட்டுப் பார்த்ததற்கே கையெல்லாம் அரிப்பு. நாமே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா? புற்றுநோய் வரும் என்கிறார்களே?

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் கிளாஸ் வூலாகத்தான் (கண்ணாடி இழைப் பஞ்சு) இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டடம் பழையது என்றால், பஞ்சோடு சேர்த்து மேலே வேறு என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்களைச் சுற்றி மாவுக்கட்டு போட்டதுபோல் வெள்ளை, சாம்பல் நிறப் பூச்சு இருந்தாலோ, பளபளக்கும் சிறு சிறு துணுக்குகள் கொட்டிக் கிடந்தாலோ கை வைக்க வேண்டாம். முன்னதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். பின்னது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம், அமெரிக்காவின் லிபி சுரங்கம் 1990இல் மூடப்படும்வரை அங்கிருந்து வந்த சரக்கில் கல்நார் கலந்திருந்தது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் இதை உறுதிப்படுத்தும்.

புற்றுநோய் பயம் கல்நாருக்குப் பொருந்தும். அந்த இழை நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் மெல்லியதாகி நுரையீரலில் தங்கிவிடும். கண்ணாடி இழை குறுக்கே உடையும். நுரையீரலின் ஈரத்தில் மெல்லக் கரையவும் செய்யும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் மறுபரிசீலனை செய்து, வீட்டு வெப்பத் தடுப்புக்கான கிளாஸ் வூலையும் ராக் வூலையும் (பாறை இழைப் பஞ்சு) மூன்றாம் பிரிவில், அதாவது புற்றுநோய் தரும் என வகைப்படுத்த முடியாதவற்றில் வைத்தது. உலைகளில் பயன்படும் செராமிக் ஃபைபர் இதில் சேராது. அது புற்றுநோய் தரக்கூடும் எனச் சந்தேகிக்கப்படும் 2பி பிரிவு.

அரிப்பு பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. சுமார் 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமனான இழைகள் தோலில் குத்துவதால் வருவது. அதனால்தான் சொறிந்தால் கூடுகிறது. தேய்க்காமல் ஓடும் குளிர்ந்த நீரில் முதலில் கழுவுங்கள், பிறகு சோப்பு. குத்தி நிற்கும் இழைகளை ஒட்டும் டேப்பை லேசாக ஒற்றி எடுக்கலாம்.

முதலில் ஒழுகலை அடைத்துவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நனைந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மேலே கை விடக் கூடாது. நீரைக் குடித்த பஞ்சு கனமாக இருக்கும். ஜிப்சம் பலகை தொய்ந்திருந்தால் அதன் கீழே நிற்காதீர்கள், மொத்தமாக இறங்கிவிடும். நனைந்ததைக் காயவைத்துத் திரும்பப் போடும் யோசனையும் வேண்டாம்: தடிமன் அமுங்கி, பசை தளர்ந்து, பூஞ்சை பிடித்திருக்கும். ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது, தூசி பறக்காது. காய்ந்த இடங்களில் ஸ்பிரேயரால் லேசாக நீர் தெளியுங்கள். கிழிக்காமல் ஒவ்வொரு துண்டாக இறக்கி, அங்கேயே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

தளர்வான முழுக்கைச் சட்டை போடுங்கள். இறுக்கமான உடை இழைகளைத் தோலில் அழுத்தித் தேய்க்கும். கையுறை விளிம்பைச் சட்டைக் கைமேல் இழுத்து டேப் ஒட்டுங்கள். அண்ணாந்து செய்யும் வேலை என்பதால் சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, முகத்தோடு பொருந்தும் காகிள்ஸ் தேவை. மூக்குக்கு நுண்தூசியைத் தடுக்கும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் வீண். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஓரத்தில் கசியும். கண்ணில் விழுந்தால் கசக்காமல் 15 நிமிடம் நீர் விட்டுக் கழுவுங்கள். உறுத்தல் நீடித்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதியதைப் பலகைமேல் விரித்து, சட்டத்தால் அழுத்திப் பிடித்து, நீண்ட கத்தியால் வெட்டுங்கள். மின்ரம்பமோ கிரைண்டரோ கூடாது. பொருத்தும் இடைவெளியைவிட 1 செ.மீ. அகலமாக வெட்டினால் தானே பிடித்து நிற்கும். ஆனால் 50 மி.மீ. பஞ்சை 25 மி.மீ. இடத்தில் திணிக்காதீர்கள், வெப்பத்தைத் தடுப்பது உள்ளே சிறைப்பட்ட காற்றுதான். சீலிங்கில் புதைத்த விளக்குகளின் மேல் மூடவும் கூடாது, சூடு வெளியேறாது.

சுத்தம் செய்யும்போது துடைப்பம் வேண்டாம், காற்றடித்து ஊதவும் வேண்டாம். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம், இல்லையென்றால் ஈரத்துணி. வேலை உடைகளைத் தனியாகத் துவைத்து, பிறகு மெஷினை ஒருமுறை வெறும் நீரில் ஓடவிடுங்கள். மின்விசிறியும் ஏசியும் சுத்தம் முடியும்வரை அணைந்தே இருக்கட்டும். ஏசி ஃபில்டரைக் கழுவி மாட்டிய பிறகு போடுங்கள்.