தினமும் வேதம் வாசிக்கிறேன், ஆனால் மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. எப்படித் தியானிப்பது?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நீங்களும் ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்க அட்டவணை போட்டு ஓடுகிறவர். மொத்தம் 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து. சட்டங்களாகவே அடுக்கிக்கொண்டு போகும் லேவியராகமம் வந்ததும் மூச்சு வாங்கும். நான் அப்படி இரண்டு முறை முடித்திருக்கிறேன். முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறேன். என்ன படித்தாய் என்று கேட்டால் அந்தத் தேதியைத்தான் காட்ட முடியும்.

நான் போதகர் இல்லை. வேதாகமக் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். 2016இல் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம், எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" தருவேன் என்று வருமே, அதுதான். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரன். பெங்களூரு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எதிர்பார்த்த முடிவு ஒன்றே ஒன்றுதான், சென்னைக்கு மாற்றல். அட்டையை பீரோ கண்ணாடியில் ஒட்டி, தலை சீவும்போதெல்லாம் கர்த்தருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். (வாக்குத்தத்த அட்டையைக் கேலி செய்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிசம்பர் 31 ராத்திரி அட்டை எடுக்கும்போது அம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.)

அந்த செப்டம்பரில் காவிரிக் கலவரம். தமிழ்நாட்டு நம்பர் போட்ட பஸ்களையும் லாரிகளையும் எரித்தார்கள். என் பைக் டிஎன் 69. எதிர்வீட்டு அம்மா, அதுவரை தண்ணீர் லாரி விஷயமாக மட்டுமே என்னிடம் பேசியவர், "காடி ஒளகே தகொண்டு பன்னி" என்று கூப்பிட்டு, வண்டியைத் தன் காம்பவுண்டுக்குள் ஏற்றச் சொல்லி, பழைய படுதா போட்டு மூடினார்.

144 போட்டிருந்தார்கள், ஆபீஸ் இல்லை. அட்டையைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. சரி, இந்த அதிகாரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய நிருபம், அதாவது கடிதம். 11க்கு முந்தின வசனத்திலேயே, ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதை வாங்கிப் படித்த பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். அத்தனை நாளும் நான் அனனியா கட்சியில்தான் இருந்திருக்கிறேன்.

ஏழாம் வசனத்தில் நின்றுவிட்டேன். சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." இந்த ஊரைவிட்டுப் போக ஆறு வருஷம் ஜெபம் பண்ணினேனே தவிர, இந்த ஊருக்காக ஒரு நாளும் பண்ணினதில்லை.

அப்புறம் மூன்று வாரம் வேறு எதையும் வாசிக்கவில்லை. பஸ்ஸில் அந்த ஒரு வசனத்தையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில், முதல் சங்கீதத்தில் இரவும் பகலும் 'தியானமாயிருக்கிற' மனுஷன் என்று வருகிற இடத்தில் எபிரெயச் சொல் 'ஹாகா'. முணுமுணுப்பது என்று அர்த்தம். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா தீர்க்கதரிசி அதே சொல்லைத்தான் போடுகிறார். கண்ணை மூடி அசையாமல் உட்கார வராதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எனக்கு வராது.

ஆகவே அட்டவணையைக் கிழிக்க வேண்டாம், ஆனால் ஒரு வசனம் உறுத்தினால் அங்கேயே இறங்கிவிடுங்கள். முன்னும் பின்னும் வாசியுங்கள். அது யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று பாருங்கள்.

மாற்றல் வரவில்லை, 2019க்குப் பிறகு கேட்கவும் இல்லை. கன்னடம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டிக் குடியிருங்கள் என்றும் எழுதியிருக்கிறார். எரேமியா பெங்களூரில் வாடகைக்கு இருந்ததில்லை. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார் என் பழைய ஓனர். ஆணி அடித்த ஓட்டைக்குத் தனிக் கணக்கு. பட்டணத்துக்காக இப்போது தினமும் ஜெபிக்கிறேன். அந்த மனுஷனுக்காக இன்னும் வாய் வரவில்லை.