சென்னையில் ஓடிஎஃப் ஆட்டோமேட்டிக் கத்தி சேகரிக்கலாமா? தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாமா? எப்படிப் பராமரிப்பது?

கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. வாங்கிச் சேர்த்து அலமாரியில் வைப்பது வேறு. பேண்ட் பாக்கெட்டில் கிளிப்பை மாட்டிக்கொண்டு கிண்டியிலிருந்து சென்ட்ரல் வரை போய் வருவது வேறு. ஸ்லைடரைக் கட்டைவிரலால் தள்ளியதும் முன்பக்கத் துளை வழியாக ‘டக்’கென்று வெளியே வந்து, இழுத்தால் உள்ளே போகும் கத்தியை ஏதோ வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ‘அவுட் தி ஃப்ரன்ட்’ என்பதன் சுருக்கம்தான் ஓடிஎஃப். பார்சல் பிரிக்க ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியிருக்கும். அப்படித் தோன்றுவதில் தப்பில்லை, ஓடிஎஃப் அருமையான இயந்திரம்தான். ஆனால் தினமும் எடுத்துப் போவதற்கு என் பதில்: வேண்டாம். சேகரிப்பு பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

“கத்தியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்” என்று கருத்துப் பெட்டிக்கு ஓடுகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுப் போடவும். பேனா சேர்ப்பவனும் கைக்கடிகாரம் சேர்ப்பவனும் ரசிகன், கத்தி சேர்ப்பவன் மட்டும் ரவுடி என்பது நம் ஊர்க் கணக்கு. பட்டாக் கத்தியில் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போடும் பசங்க இந்தக் கணக்கை இன்னும் கெடுத்துவிட்டார்கள்.

முதலில் சட்டம். நான் வக்கீல் இல்லை, வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 2(1)(சி), தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைத்த பொருள்களை ‘ஆயுதம்’ என்கிறது. கூர்முனை ஆயுதங்களும் அதில் அடக்கம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவை அதில் வராது. ஆயுத விதிகள் 2016-இன் அட்டவணையில் ஐந்தாம் வகை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகளைப் பற்றிப் பேசுகிறது. இதை மட்டும் படித்துவிட்டு “9 அங்குலத்துக்குள் எதுவும் ஓகே” என்று இணையத்தில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அது லைசென்ஸ் வகைப்பாட்டுக்கான அளவு. ரோட்டில் நிறுத்தி சோதிக்கும் போலீஸ்காரர் ஸ்கேல் எடுத்து அளந்துவிட்டு “சரி, போங்க தம்பி” என்று அனுப்பப் போவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சட்டத்தில் ‘தற்காப்பு’ என்பதும் சேர்ந்தே இருக்கிறது. “தற்காப்புக்குத்தான் சார் வெச்சிருக்கேன்” என்று நீங்கள் வாய் திறந்தால், பாதுகாப்பு என்று நினைத்துச் சொன்னதே உங்களை அந்த வரையறைக்குள் தள்ளிவிடும்.

டெல்லிக்குத் தனி அறிவிக்கை உண்டு. ஸ்பிரிங், பட்டன் அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறக்கும் கத்தியில் பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் அதன் கீழ் வரும். சராசரி ஓடிஎஃப் பிளேடு 3 முதல் 3.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 7.6 முதல் 8.9 செ.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பையோடு கொண்டுபோய் புதுடெல்லியில் இறங்கினால் கதையே வேறு. சிங்கப்பூர், மலேசியா இரண்டு நாடுகளிலும் இந்த வகைக் கத்திக்குத் தடை. பிரிட்டனில் 2021 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம்.

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போடலாமா என்பார்கள். ஆயுதச் சட்டம் பிரிவு 10-படி ஆயுதத்தை உள்ளே கொண்டுவர லைசென்ஸ் வேண்டும். சுங்கத்துறை இதை ஆயுதம் என்று பார்த்தால் பொருளும் போகும், அபராதமும் வரும். அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு முதல் இந்தக் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்கக் கட்டுப்பாடு உண்டு, அந்நாட்டுத் தபாலிலும் அனுப்ப முடியாது. ‘பரிசுப் பொருள்’, ‘சமையல் கருவி’ என்று பொய் லேபிள் ஒட்டி அனுப்பச் சொல்வதெல்லாம் நேராக வம்பை விலைக்கு வாங்குவது.

இனி கத்திக்கு வருவோம்.

ஓடிஎஃப்பில் இரண்டு வகை. சிங்கிள் ஆக்‌ஷனில், மூடியிருக்கும்போதே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும். பட்டனைத் தொட்டால் பாய்ந்து வரும், மூடுவதற்குப் பின்னாலிருக்கும் பிடியைக் கையால் இழுத்துப் பூட்ட வேண்டும். வேகம் அதிகம், பிளேடின் ஆட்டம் குறைவு. ஆனால் சேஃப்டி சரியில்லாவிட்டால் பாக்கெட்டுக்குள்ளேயே திறக்கும்.

டபுள் ஆக்‌ஷனில் திறப்பதும் மூடுவதும் ஒரே ஸ்லைடர்தான். உள்ளே இழுவை ஸ்பிரிங் ஒன்று, அதன் இரு முனையிலும் நகரும் சிறு தகடுகள். ஸ்லைடரை முன்னே தள்ளும்போது முன்தகடு நகர்ந்து ஸ்பிரிங்கை இழுக்கும், பின்தகடு பிளேடின் அடியில் மாட்டி நிற்கும். தள்ளலின் கடைசியில் ஸ்லைடரில் உள்ள சரிவு, பிளேடின் வெட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் கொக்கியைத் தூக்கிவிடும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் சுருங்கி பிளேடை எறியும். கடைசிச் சிறு தூரத்தை பிளேடு தன் வேகத்திலேயே கடந்து, முன்கொக்கியில் விழ வேண்டும்.

இந்தக் கடைசி வரியைப் புரிந்துகொண்டால் ஓடிஎஃப்பின் பாதிக் குறைகள் புரிந்துவிடும். வழியில் துணியோ விரலோ தடுத்தால் வேகம் செத்து, பிளேடு கொக்கியில் மாட்டாமல் நடுவில் தொங்கும். உள்ளே தூசி சேர்ந்தாலும் அதே கதி. உரசாமல் பறக்க வேண்டும் என்பதற்காகவே பிளேடைச் சுற்றி இடைவெளி விட்டிருப்பார்கள், அதனால் நல்ல கம்பெனிக் கத்தியிலும் லேசான ஆட்டம் இருக்கும். “ஆயிரக்கணக்கில் கொடுத்தேன், ஆடுது” என்று புலம்ப வேண்டாம். இன்னொரு நல்ல செய்தி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் தளர்ந்துதான் இருக்கும். எத்தனை மாதம் அலமாரியில் கிடந்தாலும் அது களைக்காது.

நடுவில் தொங்கும் பிளேடை மீண்டும் ஸ்லைடரால் அடித்து அடித்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள். தோல் கையுறை போட்டு, கூர்ப்பக்கத்தைத் தொடாமல் பிளேடின் இரு தட்டைப் பக்கங்களையும் பிடித்து ‘கிளிக்’ சத்தம் வரும்வரை வெளியே இழுங்கள். உள்பக்கமாக நழுவியிருந்தால் முனையை மரப்பலகையில் வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். கொக்கியில் விழுந்தபின் ஸ்லைடர் வழக்கம்போல் வேலை செய்யும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? கைப்பிடிக் கூடு அலுமினியமா, துத்தநாகக் கலவை வார்ப்பா என்பது முதல் கேள்வி. மலிவு நகல்களில் பெரும்பாலும் வார்ப்புதான். கொக்கி உட்காரும் இடம் சீக்கிரம் மழுங்கி, திறந்த பிளேடு லேசாக அழுத்தினாலே உள்ளே போய்விடும். கையுறையோடு முனையைப் பலகையில் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே போகும் கத்தியைத் தொடவே வேண்டாம். மைக்ரோடெக், பெஞ்ச்மேட் போன்ற கத்தி கம்பெனிகளின் பெயர்களைப் பொறித்த நகல்கள் ஏராளம். பிளேடில் ‘எம்390’ என்று பொறித்திருப்பது எஃகு எம்390 என்பதற்கு அத்தாட்சி ஆகாது. இருபக்கக் கூருள்ள டாகர் வடிவம் வேண்டாம். ஐந்தாம் வகைப் பட்டியலில் டாகர் என்றே பெயர் இருக்கிறது. ஒருபக்கக் கூருள்ள டிராப் பாயிண்ட் போதும், சாணை பிடிக்கவும் சுலபம்.

சென்னைக்கு எஃகு முக்கியம். டி2 எஃகில் குரோமியம் சுமார் 12 சதவீதம், கார்பன் சுமார் 1.5 சதவீதம். அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பைடாகப் போய்விடுவதால் துரு தடுக்க மிஞ்சுவது குறைவு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருந்தால் கடற்காற்றுக்கே புள்ளி விழும். 154சிஎம், எஸ்35விஎன் இரண்டும் 14 சதவீதம், நன்றாகத் தாங்கும். எம்390-இல் சுமார் 20 சதவீதம். 2021-இல் வந்த மேக்னாகட்டில் 10.7 சதவீதம்தான், ஆனால் குரோமியம் கார்பைடாகக் கட்டுப்படாதபடி வடிவமைத்த எஃகு என்பதால் துருவை நன்றாகவே எதிர்க்கிறது. எல்லாரும் பிளேடைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கார்பன் எஃகுக் கம்பியாக இருந்தால், முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் கொடுப்பார்கள். கையால் அமுக்கும் ரப்பர் பிளோயரும் அங்கேயே கிடைக்கும். பிளேடைத் திறந்து வைத்து, முனை மேலே பார்க்கும்படி பிடித்து, முன்துளையில் சிரிஞ்சால் 2 மில்லி விடுங்கள். ஆளில்லாத பக்கம் திருப்பி ஸ்லைடரைப் பத்து முறை இயக்குங்கள். தலைகீழாகப் பிடித்து அழுக்கை வடித்து, பிளோயரால் ஊதுங்கள். வடிவது தெளிவாகும்வரை திரும்பச் செய்யலாம். அருகில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது, அது தீப்பற்றும் திரவம். ஒரு மணி நேரம் காயவிட்டு, துளை ஓரம் பிளேடின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அதற்கு மேல் வேண்டாம், எண்ணெய் வழிந்தால் பஞ்சுத் தூசியை இழுத்துப் பசையாக்கும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாள்பட்டால் பிசுக்காகி பிளேடு பாதியிலேயே நின்றுவிடும்.

திருகுகளைக் கழற்றுவது அடுத்த கட்டம். பலவற்றில் டி6 அல்லது டி8 அளவு டார்க்ஸ் (நட்சத்திர வடிவப் பள்ளமுள்ள) திருகு, சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி வடிவத் தலை வைத்திருக்கும். நூறு ரூபாய் செட்டில் வரும் பிட் திருகுத் தலையைத் தின்றுவிடும், நல்ல பிட்டாக வாங்குங்கள். திருகு பசை போட்டு இறுகியிருந்தால் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டுத் திருப்புங்கள். கண்ணாடி அணிந்து, பெரிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டுத் திறந்தால் ஸ்பிரிங் தெறித்தாலும் தேட வேண்டியிருக்காது. திரும்ப மூடும்போது நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. கெட்டியாக இருக்கட்டும் என்று முறுக்கிவிடுவார்கள். கூடு நெருங்கி, பிளேடு உரசி, முன்கொக்கியில் மாட்டாது. எல்லாத் திருகையும் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

சேகரிப்பை வைக்க, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 110 டிகிரி சுற்றுவட்டத்தில் சூடாக்கினால் நீலம் திரும்பும். அந்த நீலச் சாயம் கோபால்ட் உப்பு, அதனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குழந்தை இருக்கும் வீடென்றால் டப்பாவுக்குப் பூட்டு. ஒரு விரல் தள்ளலில் திறக்கும் சாமான் இது.

பார்சல் பிரிக்கத்தான் கேட்டீர்கள் என்றால், அந்த வேலைக்கே ஓடிஎஃப் லாயக்கில்லை. பேக்கிங் டேப்பின் பசை பிளேடில் ஒட்டி, மூடும்போது நேராக உள்ளே போகும். நாலு பெட்டி பிரித்தால் ஒரு சுத்தம் செய்ய வேண்டிவரும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் புளிப்பு உள்ளே போய் அரிக்கும். பலாப்பால் பட்டால் பிரித்தெடுத்துத்தான் கழுவ வேண்டும். நெம்பினால் முன்கொக்கி வளையும்.

அது கிடக்கட்டும், பார்சலைக் கேட்கிறேன், ஒரு டூத் பிரஷ்ஷுக்கு எதற்கு மூன்று பெட்டி? பெட்டிக்குள் பெட்டி, அதைச் சுற்றிப் பிணத்துக்குக் கட்டுவது மாதிரி டேப், அதன் மேல் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் பார்கோடு ஸ்டிக்கர் நாலு. உள்ளே இருப்பது நாற்பது ரூபாய்ச் சாமான். கண்ணாடி டம்ளர் ஆர்டர் போட்டால் மட்டும் மெல்லிசாக ஒரே ஒரு காகிதம் சுற்றி அனுப்புகிறார்கள். டேப்பைக் கத்தியில்லாமல் பிரிக்கிற மாதிரி ஒட்டத் தெரிந்திருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் கத்தியே தேட மாட்டார்கள். சரி, விடுங்கள்.

தினசரி வேலைக்கு வீட்டில் பத்து ரூபாய் கட்டர் போதும். பையில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால் விக்டோரினாக்ஸ் கிளாசிக் மாதிரி 58 மி.மீ. பேனாக்கத்தி. கத்தரிக்கோலும் நக அரமும் சேர்ந்தே இருக்கும், நகத்தால் இழுத்துத் திறப்பது, பார்க்கிறவர் பயப்படவும் மாட்டார். அதுவும் எல்லா இடத்துக்கும் இல்லை. மெட்ரோவில் பையை ஸ்கேனரில் போட்டதும் நிறுத்தி வைப்பார்கள். சேப்பாக்கம் மைதானம், மால் வாசல், உயர் நீதிமன்ற வளாகம் எல்லாம் அப்படித்தான். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. பழைய பைகளின் உள்பாக்கெட்டில் ஏதாவது கத்தி கிடக்கிறதா என்று மீனம்பாக்கம் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.