புருனோ கான்ஸை ஹிட்லர் வேடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவரை மேடை நடிகர் என்கிறார்களே, ஏன்?

ஏனென்றால் அவரை உருவாக்கியதே மேடைதான். 1941இல் சூரிச்சில் பிறந்தவர். அப்பா சுவிஸ்காரர், அம்மா இத்தாலியர். 1970இல் இயக்குநர் பீட்டர் ஸ்டைனுடன் பெர்லினின் ஷௌப்யூன நாடக அரங்கில் சேர்ந்தார். எந்த நாடகத்தைப் போடுவது என்பதில் நடிகர்களுக்கும் குரல் இருந்த குழு அது. 2000இல் ஹனோவரில் ஸ்டைன் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகம் முழுவதையும், அதாவது 12,000க்கும் மேற்பட்ட வரிகளை, மேடையேற்றியபோது முதிய ஃபவுஸ்ட் கான்ஸ்தான்.

அவர் ஹிட்லராக நடித்த 'டவுன்ஃபால்' (2004) படத்தில் கத்தும் காட்சிகள்தான் பிரபலம். ஆனால் நடிப்பின் அடித்தளம் அவற்றில் இல்லை. 1942இல் பின்லாந்தில் ரகசியமாகப் பதிவான சுமார் 11 நிமிட ஒலிநாடாவை வைத்து ஹிட்லரின் சாதாரணப் பேச்சுக்குரலைப் பயின்றார். மேடை முழக்கத்தை மட்டும் நகலெடுப்பவர்கள் கேலிச்சித்திரத்தில் போய் முடிவது இந்தக் குரல் கைவராததால்தான். ஹிட்லரின் கை நடுக்கத்துக்காக பார்க்கின்சன் நோயாளிகளையும் கவனித்தார். முதுகுக்குப் பின்னால் ஒளித்த அந்தக் கையைப் பாருங்கள், உழைப்பு தெரியும்.

ஜெர்மன் மொழி நாடக உலகின் உச்ச கௌரவம் இஃப்லாண்ட் மோதிரம். வைத்திருப்பவரே வாரிசைத் தேர்ந்தெடுப்பார். 1996 முதல் அது கான்ஸிடம் இருந்தது. அவர் வாரிசாகக் குறித்து வைத்திருந்த நடிகர் கெர்ட் ஃபோஸ் 2014இல் முந்திக்கொண்டு இறந்துவிட்டார். 2019இல் கான்ஸ் மறைந்தபின் மோதிரம் நடிகர் யென்ஸ் ஹார்ட்சரிடம் சென்றது.

அடுத்து 'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987) பாருங்கள். பேசாமல், கேட்பதாலேயே ஒரு காட்சியைத் தாங்குகிறார்.